கண்டு, கந்த், கேண்டி: ஓர் இனிப்புச் சொல்லின் வரலாறு

பழனிக்குக் கிழக்கே அமைந்துள்ள ஆயக்குடி, முற்காலத்தில் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த பாளையங்களுள் ஒன்று. இன்று அவ்வூர்ப் பெயரைச் சொன்னவுடன் எவர்க்கும் நினைவு வருவது கொய்யாப்பழமே. ஆயினும் அவ்வட்டாரத்தின் பழைய இனிப்பு கரும்பினது. பழனிக்கு மேற்கே நெய்க்காரப்பட்டிப் பக்கம் கரும்பாலைகளின் புகை எழும் காலத்தில், கொப்பரையில் பாகு பதம் கொள்ளும் மணம் சாலைவரை வந்து நிற்கும். அம்மண்ணின் மக்கள் இனிப்பைக் குறிக்க வெல்லம், சர்க்கரை, சீனி, கற்கண்டு எனப் பல சொற்களை ஆள்கின்றனர். இவற்றுள் வெல்லம் நீங்கலாக ஏனைய மூன்றும் கடல் கடந்த உறவுடையவை. அவற்றுள்ளும் கற்கண்டின் கதை நீண்டது. ஆங்கிலேயர் இனிப்புப் பண்டத்திற்கு இட்டு வழங்கும் 'கேண்டி' என்னும் சொல்லோடு அதற்குள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஆராயப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மேடைகளில் இருவகைப் பெருமிதங்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. கேண்டி, சுகர், சிரப், ஷெர்பெட் ஆகிய யாவும் அரபியர் ஐரோப்பாவுக்கு ஈந்த கொடை என்பார் ஒருசாரார். அவையனைத்தும் தமிழிலிருந்து கிளைத்தவையே என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. இரண்டும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன என்பது நம் கருத்து.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். இன்று அமெரிக்காவில் கேண்டி என்றால் எல்லா வகை மிட்டாயும் அடங்கும். இங்கிலாந்தில் அப்பொதுப்பொருளைக் குறிக்க வேறு சொல் உண்டு. அங்குப் பழைய வழக்கில் கேண்டி என்பது படிகமாக உறைந்த சர்க்கரையை, அதாவது நம் கற்கண்டை மட்டுமே சுட்டியது. பழங்களையும் தோல்களையும் பாகில் ஊறவைத்து உலர்த்துவதையும் அச்சொல்லாலேயே வினையாக்கிக் கூறுவர். இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் தனித்து வரவில்லை. 'சுகர் கேண்டி' என இரட்டையாகவே வந்தது. அது பிரெஞ்சு மொழியின் 'சுக்ர் காந்தி' என்பதன் நேர்வடிவம். பிரெஞ்சுக்காரர் அதனை அரபியரிடமிருந்து பெற்றனர். அரபியில் 'கந்த்' என்பது பெயர். அதன் ஈற்றில் நிஸ்பத்தின் யா சேர்ந்து 'கந்தீ' என ஆகும்போது 'கந்தால் ஆனது' என்னும் உரிச்சொல் பிறக்கிறது. மக்காவைச் சேர்ந்தவரை மக்கீ என்றும், ஹிந்தைச் சேர்ந்தவரை ஹிந்தீ என்றும் கூறுவது போன்றதே இது.

இங்கு அரபு இலக்கணம் பயின்றோர்க்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. மவ்ஸூபை நீக்கி ஸிஃபத்தை அதன் இடத்தில் நிறுத்துதல் என்னும் விதியை நாம் நஹ்வு நூல்களில் கற்கிறோம். காலப்போக்கில் ஆங்கிலேயர் செய்தது அதுவே. சர்க்கரை என்னும் பெயரை விட்டுவிட்டு, அதன் அடையாகிய கந்தீயை மட்டும் பெயராக நிறுத்திக்கொண்டனர். இன்று கேண்டி என்று கூறும் ஆங்கிலக் குழந்தை, பொருளை விட்டு அதன் பண்பை மட்டும் பெயரிட்டு அழைக்கிறது.

அரபு அகராதிகள் கந்தைப் பற்றி என்ன கூறுகின்றன? ஹிஜ்ரி 711இல் (1311) மறைந்த இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்', கரும்பின் சாறு உறைந்தால் அது கந்த் என்றும், அதிலிருந்தே 'ஃபானீத்' செய்யப்படுகிறது என்றும் பொருள் தருகிறது. 'சுக்கர்' என்பதை அது பாரசீகத்திலிருந்து அரபியாக்கப்பட்ட சொல் என்று வெளிப்படையாகவே குறிக்கிறது. அகராதியின் எழுத்து வரிசையில் சுக்கர், போதையைக் குறிக்கும் 'ஸகர்' என்னும் சொல்லோடு ஒரே வேரின் கீழ் அமர்ந்திருக்கும். அது எழுத்தொற்றுமையால் நேர்ந்த அண்மையே, பொருளுறவு இல்லை. அல்குர்ஆனில் 'அஸல்' என்னும் தேன் 47:15இல் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. சுக்கர் என்னும் சொல்லோ, கந்த் என்னும் சொல்லோ அதில் இல்லை. அன்றைய ஹிஜாஸின் இனிப்பு தேனும் பேரீச்சையும்தாம். கரும்பின் இனிப்பு அரபியர் வாழ்வில் நிலையான இடம் பெற்றது, ஈராக்கும் பாரசீகமும் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்த பின்னரே. குறிப்பாகக் கூஸிஸ்தான் பகுதியின் கரும்புத் தோட்டங்களை இடைக்கால முஸ்லிம் புவியியலாளர்கள் வியந்து எழுதியுள்ளனர். கடினமான சர்க்கரைக் கட்டியை 'தபர்ஸத்' என்றனர். கோடரியால் வெட்டப்பட்டது என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள்.

இடையில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிட வேண்டும். கிரேத்தா தீவின் தலைநகர் 'காண்டியா' எனப்பட்டது. அங்கே அரபியர் சர்க்கரை ஆலை அமைத்தனர், அதனால் அச்சர்க்கரைக்குக் காண்டி எனப் பெயர் வந்தது என்று சில நூல்கள் எழுதுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தலுஸிலிருந்து வெளியேறிய முஸ்லிம்கள் அத்தீவைக் கைப்பற்றியதும், 961 வரை அங்கே ஆண்டதும் மெய்யே. அவர்கள் நகரைச் சுற்றி அகழி வெட்டினர். அகழிக்கு அரபியில் 'ஃகந்தக்'. ஹிஜ்ரி 5இல் நிகழ்ந்த அகழ்ப்போரின் பெயரும் அதுவன்றோ! அந்த ஃகந்தக்தான் காண்டியா எனத் திரிந்தது. அது 'ஃகா'வில் தொடங்கிக் 'காஃபில்' முடியும் சொல். இனிப்பாகிய கந்தோ 'காஃபில்' தொடங்கி 'தாலில்' முடிவது. இரண்டையும் இலத்தீன் எழுத்தில் மட்டும் கண்டவர்க்கே இம்மயக்கம் தோன்றும். தமிழ் எழுத்தில் எழுதினாலும் அதே மயக்கம் நேரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய இடங்களில்தான் நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுத்தை வகுத்துக்கொண்டதன் அருமை விளங்குகிறது.

பாரசீகத்தின் கந்த் இந்தியாவிலிருந்து சென்றது. வடமொழியில் 'கண்டம்' என்றால் துண்டு, உடைந்த கூறு. அர்த்தசாஸ்திரம் கரும்பின் விளைவுகளைப் பாணிதம், குடம், மத்ஸ்யண்டிகை, கண்டம், சர்க்கரை என வரிசைப்படுத்துகிறது. பாகு நிலையிலிருந்து படிகம் நோக்கிச் செல்லும் பெயர்வரிசை அது. பாணிதம் பாரசீகம் புகுந்து அரபியின் ஃபானீத் ஆயிற்று. கண்டம் கந்த் ஆயிற்று. சர்க்கரை 'ஷகர்' ஆகிப் பின் சுக்கர் ஆயிற்று. ஒரே பட்டியலின் மூன்று சொற்கள் ஒரே வழியில் மேற்கு நோக்கிப் பயணம் செய்தன என்பது, அவற்றைச் சுமந்து சென்றது வணிகமே என்பதற்குச் சான்று. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்', நாணலிலிருந்து கிடைக்கும் 'சக்கரி' என்னும் தேன் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றதைக் குறிக்கிறது. இஸ்லாம் தோன்றுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகவே இப்பண்டம் அரபிக் கடலில் மிதந்திருக்கிறது.

சரி, வடமொழிக் கண்டம் எங்கிருந்து வந்தது? இவ்விடத்தில் ஆங்கில அகராதிகளே ஒன்றோடொன்று உடன்படவில்லை. சில அகராதிகள் தமிழின் கண்டு, கட்டு முதலியவற்றை ஒப்பிட்டுத் திராவிட மூலமாகலாம் என்கின்றன. வேறு சில முண்டா மொழிகளைச் சுட்டுகின்றன. தமிழின் பக்கம் வலுவான உறவுச் சொற்கள் உள்ளன. கட்டு என்பது இறுகச் செய்தல். கட்டி என்பது இறுகியது. நூற்கண்டு என்பதில் வரும் கண்டு, உருண்டு திரண்டது. கரும்பும் கட்டியும் சேர்ந்து கருப்புக்கட்டியாகி, அதுவே கருப்பட்டி எனக் குறுகி, இன்று கரும்பை விட்டுப் பனையைச் சேர்ந்துவிட்டது. கரும்புச் சாற்றை இறுகக் காய்ச்சிக் 'கட்டி' என்று பெயரிட்ட மக்களிடம் 'கண்டு' என்ற பெயரும் இருந்திருக்கும் என்று கொள்வது எளிது. ஆனால், எளிதாகத் தோன்றுவதும் நிறுவப்பட்டதும் ஒன்றல்ல. பழைய தமிழ் வழக்கில் 'கண்டசருக்கரை' என்னும் தொடர் உண்டு. அது வடசொற்றொடரின் நிழல் என்பது தெளிவு. மேலும், 'பரல்கல்' எனப் பொருள்படும் சர்க்கரையும், 'துண்டு' எனப் பொருள்படும் கண்டமும் ஒரே வகை எண்ணத்தில் பிறந்த பெயர்களாக இணைந்து நிற்கின்றன. இதனால் வடமொழி வழியே பயணம் நடந்தது உறுதி என்றும், அதற்கும் முந்திய வேர் தமிழாக இருக்க இடமுண்டு என்றும் கூறுவதோடு நிற்பதே அறிஞர்க்கு அழகு. புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் முன்னோர் கரும்பை வேற்றிடத்திலிருந்து இந்நாட்டிற்குக் கொணர்ந்ததாகப் பாடுகிறார். கரும்பையே வந்த விருந்தாகப் போற்றிய சங்கத் தமிழர், அதன் பெயர்களுள் ஒன்று வந்ததென்றால் நாணியிருக்கமாட்டார்கள்.

தமிழர் செய்த புதுமை வேறிடத்தில் உள்ளது. அவர்கள் கண்டோடு கல்லைச் சேர்த்தனர். செறிந்த பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு நாட்கணக்கில் அசையாது வைத்தால், நூலைப் பற்றிக்கொண்டு படிகம் வளரும். கற்கண்டைக் கடித்தவர் யாவரும் அந்நூலைப் பல்லில் கண்டிருப்பர். கல்லைப்போல் இறுகியதற்குக் கற்கண்டு என்று பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! நிக்காஹ் மஜ்லிஸில் பேரீச்சம்பழத்தோடு கற்கண்டு வழங்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அரபு நாட்டின் பழைய இனிப்பும் இந்திய நாட்டின் பழைய இனிப்பும் ஒரே தட்டில் வந்தமர்வதை நாம் வழக்கத்தின் காரணமாகக் கவனிப்பதில்லை. பழனியின் பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் ஆகியவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும் சேர்வதுண்டு. அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்னொரு வழியாகவும் இச்சொல் தமிழுக்குள் நுழைந்தது. யூனானி மருத்துவர்கள் தந்த 'குல்கந்து' நம் வீடுகளில் அறிமுகமானது. 'குல்' என்றால் பாரசீகத்தில் ரோஜா. அதன் இதழ்களைக் கந்தில் ஊறவைத்தது குல்கந்து. ஆக, கண்டு என்றும் கந்து என்றும் ஒரே சொல் இருமுறை தமிழுக்கு வந்துள்ளது. மூன்றாவது வருகையும் நிகழ்ந்துவிட்டது. பாகில் ஊறவைத்து உலர்த்திய நெல்லிக்காயை இன்று கடைக்காரர்கள் 'நெல்லி கேண்டி' என்று எழுதி விற்கிறார்கள். வாங்குவோர் அதனை ஆங்கிலம் என்றே நினைக்கின்றனர்.

ஒலியால் ஒத்து உறவால் வேறுபட்ட சொற்களையும் இங்கே பிரித்துணர்வது நலம். ஸமர்கந்தின் 'கந்த்' ஊரைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல். அந்நகருக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. நாகூரிலும் பிற தர்காக்களிலும் நிகழும் கந்தூரி, உணவு பரிமாறும் விரிப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கையின் கண்டி நகர், மலையைச் சுட்டும் சிங்களச் சொல்லால் பெயர் பெற்றது. ஆனால், சென்னை மாகாணத்துப் பழைய வணிகக் கணக்குகளில் வரும் 'கண்டி' என்னும் நிறுத்தலளவு அப்படித் தள்ளிவிடத் தக்கதன்று. இருபது மணங்கு, அதாவது 500 பவுண்டு கொண்டது அது. பிரித்தல், கூறாக்கல் என்னும் பொருளுள்ள வடசொல்லோடு அதனைச் சேர்ப்பர். அவ்வாறெனில் அது கற்கண்டுக்குத் தாயாதி முறை ஆகும். ஆங்கிலேயரும் அதனைக் கேண்டி என்றே எழுதினர். யூல், பர்னல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் எடைக்குரிய கேண்டியும் இனிப்புக்குரிய கேண்டியும் தனித்தனிப் பதிவுகளாக இடம்பெற்றுள்ளன. பழைய ஆங்கிலக் கணக்கில் இத்தனை கேண்டி கேண்டி என்று வந்தாலும் வியப்பதற்கில்லை!

சர்க்கரையின் கதை கற்கண்டினும் சிக்கலானது. அரபியின் சுக்கரிலிருந்து ஆங்கிலத்தின் சுகர் வந்தது யாவரும் அறிந்ததே. அதே மூலச்சொல் மலையாளத்தில் சக்கரையாகி, போர்ச்சுக்கேயர் வாயில் திரிந்து, ஆங்கிலத்தில் 'ஜாகரி' என மறுபடி நுழைந்தது. ஆங்கிலேயர் வெள்ளைக்கு ஒன்றும் வெல்லத்துக்கு ஒன்றுமாக ஒரே சொல்லை இருமுறை பெற்றுக்கொண்டனர். இந்தியரும் தம் பங்கிற்குத் தூய்மைப்படுத்திய சர்க்கரைக்கு அயல்நாட்டுப் பெயர்களைச் சூட்டினர். சீனத்தின் பெயரால் சீனி. மிஸ்ரின், அதாவது எகிப்தின் பெயரால் வட இந்தியாவில் கற்கண்டுக்கு மிஸ்ரி. இதில் வேடிக்கை யாதெனில், சீனருக்குச் சாம்பலிட்டுச் சர்க்கரையைத் தூய்மை செய்யும் முறையைக் கற்பித்தவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்களே என்று மார்க்கோ போலோ எழுதியிருப்பதுதான். வட தமிழ்நாட்டில் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்று முதியோர் கூறக் கேட்கலாம். அது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு எழுந்த ஆலையின் சரக்கு தன் ஊர்ப்பெயரையே பொருளின் பெயராக்கிவிட்டது.

இச்சொற்போட்டியில் இழப்புற்றது 'சர்க்கரை' என்னும் சொல்லே. பழனி, கொங்கு வட்டாரங்களில் சர்க்கரை என்றால் கரும்புப் பாகைக் காய்ச்சித் தேய்த்துப் பொடியாக்கிய பழுப்பு நிறப் பொருள், வெள்ளையானது சீனி. நகரத்து வழக்கு பரவியபின் சர்க்கரை வெள்ளைக்கு உரியதாகி, உரிமைக்காரன் 'நாட்டுச் சர்க்கரை' என்று அடைமொழி பூண்டு நிற்க வேண்டியதாயிற்று. இது சொல்லாராய்ச்சியோடு முடிகின்ற செய்தியன்று. அண்மைக் காலத்தில் ஆலைச் சீனியைக் கரைத்துப் பாகில் கலந்து நிறமேற்றி, அதையும் வெல்லம், நாட்டுச் சர்க்கரை என்றே விற்போரை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பிடித்துள்ளனர். கலப்பில்லாமல் காய்ச்சும் சிற்றாலைக்காரர் அவர்களோடு விலையில் போட்டியிட முடிவதில்லை. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், பெயரில் மோசம் செய்வதையும் அதே கண்ணோடுதான் காண வேண்டும்.

கடன்சொல் ஒரு மொழிக்கு இழுக்கா என்னும் வினா நம் இமாம்களின் காலத்திலேயே எழுந்தது. அல்குர்ஆனில் அரபியல்லாத சொல் இல்லை என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 204) கருதினார். பிற்காலத்தில் இமாம் ஸுயூத்தி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 911) அயல்மூலம் உடையனவாகக் கூறப்பட்ட சொற்களைத் திரட்டினார். அத்திரட்டில் 76:17இல் வரும் 'ஸன்ஜபீல்' உண்டு. பாலி மொழியின் சிங்கிவேரம் வழியாக அதனை நம் இஞ்சிவேரோடு இணைத்துக் காட்டுவர் மொழியறிஞர். இருசாராரையும் இணக்கிவைத்தவர் அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் (மறைவு ஹிஜ்ரி 224). அச்சொற்களின் மூலம் அயல்மொழியே; ஆனால், அரபியர் தம் நாவில் திருத்தித் தமதாக்கிக்கொண்டபின் அவை அரபியே என்றார் அவர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் உரைத்த இத்தீர்வு, கற்கண்டைத் தமிழென்று கொள்வதற்கும் கேண்டியை ஆங்கிலமென்று கொள்வதற்கும் போதுமானது. சொற்களின் குருதியைச் சோதித்துச் சான்றிதழ் கேட்போர் இதனை அறிந்திருந்தால் எவ்வளவோ பூசல் குறைந்திருக்கும்.

மேற்கு நோக்கிச் சென்ற கரும்பு என்னவாயிற்று? முஸ்லிம்கள் அதனை எகிப்து, ஸிஸிலி, அந்தலுஸ், மொராக்கோ ஆகிய நாடுகளில் பயிரிட்டனர். பின்னர் ஐரோப்பியர் அதனை அட்லாண்டிக் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியத் தீவுகளில் இறக்கினார். அதன்பின் ஆப்பிரிக்க மக்கள் இலட்சக்கணக்கில் அடிமைகளாக அங்கே ஓட்டிச் செல்லப்பட்டனர். அடிமைமுறையை ஆங்கிலேயர் சட்டத்தால் ஒழித்தபோது தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாமீது விழுந்தது. 1834 முதல் மொரீசியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையில் அனுப்பப்பட்டனர். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்காக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். மாதம் பத்து ஷில்லிங் கூலி, ஐந்தாண்டு ஒப்பந்தம். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். டர்பனில் அடங்கியுள்ள பாட்ஷா பீர் அவர்களும் அக்கப்பலில் கூலியாக வந்தவரே என்பது அங்குள்ள மக்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு. 1911இல் நேட்டாலுக்கு ஆளனுப்புதல் நிறுத்தப்படும்வரை தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் சென்றுகொண்டே இருந்தனர். அத்தோட்டங்களில் கூலிகளை மேய்த்தவனுக்குப் பெயர் 'சர்தார்'. கந்தைப் போலவே அதுவும் பாரசீகச் சொல். அதனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் சர்க்கரை வணிகமே.